வண்டி கிளம்பாத காரணம்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை உன் நிச்சயதார்த்தப் பந்தியில் நீ எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தாய். உனக்குப் பக்கத்து இலையில் உன் அம்மா. உன் மாமனாராகப் போகிறவர் ஒவ்வொரு இலையாகப் பார்த்து உபசரித்துக்கொண்டு வந்தார். அவரை நிறுத்தி வைத்து அவள் அந்தக் கதையை ஆரம்பித்தாள். "எம்பையன் இல்லீன்னா இன்னைக்கு இந்த எலையில நான் உக்காந்திருக்க மாட்டனுங்க. மூச்சு அத்துப்போற நேரம். அந்தக் கெழட்டு வண்டி கெளம்பவே மாட்டேன்னுபோட்டுது. இவரு வெள்ளகோவில்ல இருந்து போன்லயே இதப் பாரு, அதப் பாருன்னு சொல்லிச் சொல்லி சரிபண்ண வெச்சாருங்க." அவர் உன் பக்கம் திரும்பி, "அப்ப அப்பாகிட்டத்தான் மெக்கானிக் வேல கத்துக்கிட்டீங்களாக்கும் மாப்ளை?" என்று சிரித்தார். நீ இலையைப் பார்த்தபடி "ஆமாங்க" என்றாய். போகிற போக்கில் அவர் என் தோளைத் தட்டி, "குடுத்து வெச்சவருங்க நீங்க. இந்தக் காலத்துல அப்பனுக்கு இத்தன மரியாத குடுக்கற பையன நான் பாத்ததில்லீங்க" என்றார். நான் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அந்த "ஆமாங்க" பொய் என்று அந்தப் பந்தியில் எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும். நாலு வருசமாக நீ எனக்காக அந்தப் பொய்யைச் சுமக்கிறாய். சம்பந்தி வீட்டு இலையிலும் அதைப் பரிமாற வைத்துவிட்டேனே என்று பஸ்ஸில் வரும்போது உறைத்தது. நான் கடிதம் எழுதிப் பழகியவன் இல்லை. லாரியோடு அனுப்பும் சீட்டில் எத்தனை மூட்டை, என்ன தரம் என்று எழுதுவதோடு என் எழுத்து முடிந்துவிடும். ஆனால் இதை வாயால் சொல்ல நாலு வருசம் பார்த்தும் முடியவில்லை. உனக்குத் தெரிந்த விஷயங்களையும் சேர்த்தே எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் என்று ஒட்டி அனுப்பப் போவதில்லை. வேறு யார் படித்தாலும் விளங்க வேண்டும்.

வண்டி வாங்கிய கதை உனக்குப் பாதிதான் தெரியும். என் அப்பன் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர். நான் தேங்காய் உரிக்கப் போய், கொப்பரைப் பருப்பு காய வைக்கும் களத்தில் காவல் இருந்து, பிறகு மூட்டை பார்த்து வாங்கப் பழகி, சிங்காநல்லூரில் கடை போட்டேன். முதலில் வாங்கிய மொபெட்டை பஸ் ஸ்டாண்டு ஓரம் நிறுத்திவிட்டு டீ குடித்து வருவதற்குள் எவனோ தள்ளிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு எனக்குப் பூட்டின் மேல் நம்பிக்கை போய்விட்டது. பத்துக் கை மாறிய அந்தக் கறுப்புக் காரை வாங்கியபோது ஒரு வாடகைக் கார் டிரைவர் எனக்கு ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தான். என்ஜினில் பிளக்குகளுக்கு முறை வைத்துக் கரண்ட்டைப் பங்கு போடும் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கிறதே, அதன் மூடியைத் திறந்தால் உள்ளே கட்டை விரல் அளவில் ரோட்டர் என்று ஒரு துண்டு சுற்றும். அதை உருவிப் பையில் போட்டுக்கொண்டால் போதும். எந்தத் திருடனும் சாவி போட்டுத் திருகலாம், ஸ்டார்ட் செய்யும் செல்ப் மோட்டார் சுற்றும், சத்தம் வரும், வண்டி மட்டும் கிளம்பாது. வெளியூரில் நிறுத்தும்போதெல்லாம் அப்படித்தான் செய்தேன். வீட்டில் ஒருநாளும் செய்ததில்லை, அந்த ஒரு ராத்திரியைத் தவிர.

நான் ஊரில் இல்லாத நேரம் நீ வண்டியை எடுத்துக்கொண்டு கூட்டாளிகளோடு சுற்றுகிறாய் என்று எனக்குச் சந்தேகம். உனக்கு அப்போது பத்தொன்பது வயது. வண்டி ஓட்ட நான் உனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் நீ கியரைப் பார்க்கிற பார்வையே ஓட்டுகிறவன் பார்வையாக இருந்தது. வியாபாரி புத்தி என்ன செய்யும்? பின் டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, அதற்கு நேராகத் தரையில் ஒரு கோடு போட்டு வைத்தேன். கடைக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால் இரண்டு கோடும் நேராக இல்லை. உன்னைக் கூப்பிட்டு, "ஏன்டா, வண்டிய எடுத்தியா?" என்று கேட்டிருந்தால் நீ தலையைச் சொறிந்திருப்பாய், நான் நாலு வார்த்தை திட்டியிருப்பேன், அத்தோடு முடிந்திருக்கும். நான் கேட்கவில்லை. நீ படுத்த பிறகு போய் ரோட்டரை உருவி பனியன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். திருட்டுத்தனமாக எடுப்பவன் வண்டி ஏன் கிளம்பவில்லை என்று என்னிடம் வந்து கேட்க முடியாதே என்று உள்ளுக்குள் சிரிப்பு வேறு. விடியுமுன் வெள்ளகோவில் பஸ் ஏறிவிட்டேன். என் சந்தேகம் சரிதான் கண்ணு. அதை இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் சந்தேகம் சரியாக இருந்ததால் யாருக்கு என்ன பிரயோசனம்?

பத்து மணி இருக்கும். மண்டியில் பருப்பு மூட்டைகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐப்பசி மழை அங்கேயும் பிடித்துக்கொண்டது. ஏழெட்டு வியாபாரிகள் மண்டிக்காரர் மேசையைச் சுற்றி ஒதுங்கி நின்றோம். மேசை மேல் இருந்த போன் அடித்தது. மண்டிக்காரர் எடுத்து, "உங்க பையனுங்க" என்று என்னிடம் நீட்டினார்.

"அப்பா, அம்மாவுக்கு மறுபடி எளப்பு வந்துருச்சு, மூச்சு உட முடியல. மருந்து தீந்துபோச்சு. மாத்தர போட்டும் நிக்கல. ஒதடெல்லாம் நெறம் மாறுது. டாக்டர் ஒடனே கூட்டிட்டு வரச் சொல்றாரு. ஆட்டோ எதுவும் நம்ம சைட் வீதிக்குள்ள வர மாட்டேங்குது, ரோடு பூராத் தண்ணி. வண்டி கெளம்ப மாட்டேங்குதுப்பா. என்ன பண்றது, நீ சொல்லு."

என் கை தானாகப் பனியன் பாக்கெட்டுக்குப் போனது. அது அங்கே இருந்தது. சொல்வதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான். "ரோட்டர் எங்கிட்ட இருக்குது." அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பாய். என் பையனை நான் திருடன் மாதிரி வேவு பார்த்தேன் என்று ஆகிவிடும். சுற்றிலும் வியாபாரிகள் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மூட்டையில் ஈரப் பருப்பு இருந்தால் வாங்குபவன் கண்டுபிடிக்கும் முன்பே நானே சொல்லிவிடுவேன் என்று பெயர் வாங்கியவன் நான். அந்தப் பெயரை வைத்துத்தான் இத்தனை தூரம் வந்தேன். அப்படிப்பட்ட நான், "பேட்டரி டெர்மினலப் பாரு, லூசா இருக்கும்" என்றேன்.

"செல்ப் நல்லாச் சுத்துதுப்பா. அப்புறம் பேட்டரி எதுக்கு?" என்றாய். நீ சொன்னதுதான் சரி. "சொன்னதச் செய்டா!" என்று கத்தினேன். நீ ஓடினாய். போர்ட்டிகோவுக்கும் ஹாலுக்கும் நடுவில் நீ ஓடுகிற சத்தம், செல்ப் சுற்றுகிற சத்தம், மழைச் சத்தம் எல்லாம் போனில் கேட்டது. இவற்றுக்கு அடியில் இன்னொரு சத்தம், விசில் ஊதுவதுபோல. போன் பக்கத்திலேயே உன் அம்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று புரிந்தது. நீ திரும்பி வந்து, "டெர்மினல் டைட்டாத்தான் இருக்குதுப்பா" என்றாய். பெட்ரோல் வருகிறதா பார் என்றேன். குழாயைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு வந்து வருகிறது என்றாய். சோக்கை நல்லா இழுத்து அடி என்றேன். இழுத்து அடித்தாய். பெட்ரோல் நாற்றம்தான் அடிக்கிறது என்றாய். நான் சொன்ன ஒவ்வொன்றும் பிளக்குகளைப் பெட்ரோலில் நனைத்துக்கொண்டும் பேட்டரியைத் தின்றுகொண்டும் இருந்தது. அது தெரிந்தே சொன்னேன். எதற்காக? நான்கைந்து தடவை சுற்றினால் ஏதாவது அதிசயமாகக் கிளம்பிவிடாதா என்று நினைத்தேனா? ரோட்டர் இல்லாத வண்டி கிளம்பாது என்று எனக்குத் தெரியாதா?

இதுவரைக்கும் உள்ளதை மன்னிக்கலாம் என்று வைத்துக்கொள். அடுத்தது மன்னிக்கக் கூடியது இல்லை. "பெட்ரோல் வருது, செல்ப் சுத்துது. அப்பக் கரண்ட்டுதான் வரல. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியத் தெறந்து பாக்கட்டுமாப்பா?" என்று கேட்டாய். யாரும் கற்றுக்கொடுக்காமல் சரியான இடத்துக்கு வந்துவிட்டாய். திறந்திருந்தால் அந்த நிமிடமே தெரிந்திருக்கும். நான் சொன்னேன்: "அதத் தொடாத! மழ ஈரம் உள்ள போயிரும்." நீ, "செரிப்பா, நீ சொன்னா செரி" என்றாய். அந்த வார்த்தையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

மண்டிக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, வண்டிய உடுங்க. பக்கத்துல யாராச்சும் இருந்தாத் தூக்கிட்டாவது ரோட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்க" என்றார். நான் போனில், "இன்னொருக்கா அடிச்சுப் பாரு" என்றேன். செல்ப் சத்தம் இளைத்துக்கொண்டே வந்தது. முதலில் கர்ர்ர் என்றது கர், கர் என்று ஆகி, பிறகு டக் என்று ஒரு சத்தத்தோடு நின்றது. அப்போது போனை உன் அம்மா எடுத்தாள். "ஏனுங்க" என்றாள். அடுத்த வார்த்தைக்கு மூச்சு இழுக்க அவளுக்கு எவ்வளவோ நேரம் ஆனது. "பையனத்... திட்டாதீங்க. அவன்... வண்டிய எடுத்தான்... நாந்தான்... எடுத்துக்கச் சொன்னேன்." மிச்சமிருந்த மூச்சை அவள் அதற்காகச் செலவு செய்தாள். உன் ஓட்டத்தால் வண்டி கெட்டுவிட்டது, நான் வந்து உன்னைக் கொல்லப் போகிறேன் என்று பயந்திருக்கிறாள்.

"போனப் பையங்கிட்டக் குடு" என்றேன். நீ வாங்கினாய். ஏழெட்டுப் பேர் முன்னால் சத்தமாகத்தான் சொன்னேன். "கண்ணு, ரோட்டர் எங்கிட்ட இருக்குது. நேத்து ராத்திரி நாந்தான் கழட்டுனேன். வாத்தியார் ஊட்டு வண்டி நம்ம வண்டி மாதிரியேதான். ஓடாட்டியும் ரோட்டர் உள்ள இருக்கும். அதக் கழட்டிப் போடு. பிளக்கக் கழட்டித் தொடச்சு அடுப்புல காட்டு." பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியாரின் கார் இரண்டு வருசமாகத் தார்ப்பாய்க்குள் செங்கல் மேல் நிற்பது நமக்குத் தெரியும். முதல் நிமிடமே இதை நான் சொல்லியிருக்கலாம். நீ, "செரிங்க" என்றாய்.

அதுவரைக்கும் நீ என்னை வா, போ என்றுதான் பேசுவாய். அப்பனை இப்படிப் பேசலாமா என்று சொந்தக்காரர்கள் கடிந்துகொள்வார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. என் அப்பனை நான் நிமிர்ந்து பார்த்துப் பேசியதில்லை. என் பையன் என்னிடம் சரிக்குச் சரி பேசுகிறான் என்று ஒரு கர்வம். நம் ஊரில் அந்த 'ங்க'வைக் கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் அள்ளிக் கொடுப்போம். நீ எனக்கு அதை முதல் தடவையாகக் கொடுத்தது அந்தப் போனில். அதற்குப் பிறகு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவே இல்லை.

போனை வைக்காமல் மேசை மேல் போட்டுவிட்டு ஓடினாய். நான் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன். வாத்தியார் வீட்டு கேட் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு ரொம்ப நேரம் மழையும் அவள் இழுப்பும் மட்டும். நடு நடுவே இழுப்புச் சத்தம் நின்றுபோகும். அடுத்தது வரும்வரைக்கும் நான் மூச்சு விடவில்லை. அடுப்புப் பற்ற வைக்கிற சத்தம், இரும்பு கீழே விழுகிற சத்தம், நீ "ஸ்ஸ்" என்று கையை உதறுகிற சத்தம். வாத்தியார் குரல், "அம்மணி, மெதுவா, என்னையப் புடிச்சுக்க." எதிர் சைட்டில் வீடு கட்டுகிற வேலைக்கு வந்து மழைக்கு ஒதுங்கியிருந்த சித்தாள்களை நீ கூப்பிட்டாய். "அக்கா, கொஞ்சம் தள்ளி உடுங்கக்கா, எங்கம்மாவுக்கு முடியல." ஒருத்தி, "வாங்கடி, என்னத்த வேடிக்க பாத்துட்டு" என்று அதட்டினாள். தள்ளுகிற சத்தம் ஒரு தடவை. கிளம்பவில்லை. இரண்டாவது தடவை ஒரு இருமல் மாதிரி கேட்டது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. சத்தம் தெரு முனை வரைக்கும் போய் மறைந்த பிறகும் நான் காலி வீட்டைக் கேட்டுக்கொண்டு நின்றேன். மண்டிக்காரர்தான் என் கையிலிருந்து ரிசீவரை வாங்கி வைத்தார். யாரோ ஒருவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பஸ்ஸில் வந்த அந்த இரண்டரை மணி நேரத்தை நான் எழுதப் போவதில்லை. ஆஸ்பத்திரியில் அவள் மூக்கில் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். கண் திறந்து என்னைப் பார்த்தாள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கணுமுங்க, நூலிழையில தப்பிச்சாங்க" என்றார். வெளி பெஞ்சில் நீ உட்கார்ந்திருந்தாய். கை முழுக்கக் கரி, சூடான பிளக் பட்டு இரண்டு விரல் கொப்புளம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்கப்பா. உக்காருங்க" என்றாய். நீ ஒரு அடி அடித்திருந்தால்கூட எனக்குத் தேவலை. அப்போது வாத்தியார் வந்து, வண்டிக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். "ரோட்டர் வெடிச்சுப்போச்சுங்க. பழசல்லீங்களா" என்று நீ சொன்னாய். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாய். வாய் திறக்க எனக்கு நல்ல சந்தர்ப்பம் அது. நான் தலையை ஆட்டினேன். மறுநாள் அவளிடமும் அதையே சொன்னாய். நானும் அதையே சொன்னேன். வெள்ளகோவில் மண்டியில் ஏழெட்டுப் பேருக்குத் தெரிந்த விஷயம் என் வீட்டில் அவளுக்கு மட்டும் தெரியாது.

இதில் உனக்குச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தெரியவில்லை. இருந்தாலும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய், பட்டவன் சொல்கிறேன். வீட்டில் இருப்பவர்கள் மேல் சந்தேகம் வரும். வராமல் இருக்காது. வந்தால் அன்றைக்கே முகத்துக்கு நேராகக் கேட்டுவிடு. கேட்டால் சண்டை வரும், வரட்டும். கேட்காமல் கெட்டிக்காரத்தனம் செய்தால் அது எந்த நேரத்தில் யார் கழுத்தைப் பிடிக்கும் என்று உனக்கே தெரியாது. இன்னொன்றும் சொல்கிறேன். தப்பு செய்துவிட்டு அதை மறைக்க ஆள் கிடைப்பது ஒரு பெரிய அதிர்ஷ்டம் மாதிரித் தோன்றும். உன் பெண்டாட்டியோ, நாளைக்கு உன் பிள்ளையோ உனக்காக அப்படி மறைக்க முன்வந்தால், வாங்கிக்கொள்ளாதே. நான் வாங்கிக்கொண்டேன். அந்தத் திருட்டு ஓட்டத்தில் நீ வண்டி ஓட்டக் கற்றிருக்காவிட்டால் உன் அம்மா இன்றைக்கு இல்லை. அதற்காக உன்னை ஒரு வார்த்தை பாராட்டக்கூட என்னால் முடியவில்லை. பாராட்டப் போனால் மற்றதையும் பேச வேண்டி வரும் என்று பயம்.

செவ்வாய்க்கிழமை அவளிடம் சொல்லிவிட்டேன். சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் உட்கார வைத்து, உனக்கு எழுதியிருப்பதையெல்லாம் சொன்னேன், மூடியைத் திறக்காதே என்றது உட்பட. அவள் தன் மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பையனுக்கு அன்னைக்கே தெரியுமுங்களா?" என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றேன். "நாலு வருசமா எம்பையன எம்முன்னாலயே பொய் சொல்ல வெச்சுப்போட்டீங்களே" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. சோறு வருகிறது, காபி வருகிறது, வார்த்தை வரவில்லை. அவள் கோபம் நியாயமானது, அதனால் நான் சமாதானப்படுத்தப் போகவில்லை.

நேற்று யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் சம்பந்தியிடமும் சொல்லிவிட வேண்டும். அவர் என்ன நினைப்பார், அந்தப் பெண் என்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்று தெரியாது. உன் சம்பந்தம் இதனால் கெடாது என்று நம்புகிறேன். என் மரியாதை குறைந்தால் அது குறைய வேண்டியதுதான். இன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது, "காலையில பொண்ணு ஊட்டுக்குப் போய் உள்ளதச் சொல்லிப்போட்டு வரலாம்னு இருக்கேன்" என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவள் எனக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்துச் செம்பைக் கீழே வைத்தாள்.

"நானும் வாரேன்" என்றாள்.

உன் அப்பா